ஹலோவீன் மாலை: சாரதியின் கண்ணுக்குப் பிள்ளை தெரிய வேண்டும்

இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ ரொறன்ரோப் பக்கம் வந்து குடியேறி, முதல் இலையுதிர்காலத்தைக் காணும் குடும்பங்களுக்கு ஒக்டோபர் நடுப்பகுதியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வரும். 31 ஆம் திகதி பிள்ளைகள் வேடம் அணிந்து வரலாம், முகமூடியும் விளையாட்டு ஆயுதமும் கொண்டுவரக் கூடாது, கச்சான் (நிலக்கடலை) கலந்த இனிப்பு வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கும். அன்றுதான் ஹலோவீன்: பிள்ளைகள் மாலையில் வேடத்தோடு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கும் நாள். அன்று மாலை எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம், வீதியைக் கடக்கும்போது எந்தப் பக்கம் முதலில் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இராது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. நமக்குச் சொன்னால்தான் தெரியும்.

புதிதாக வந்த பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான்: "ஆரெண்டு தெரியாத ஆக்கள் குடுக்கிற இனிப்பைப் பிள்ளையள் சாப்பிடலாமோ?" அந்தப் பயம் இயல்பானது. ஆனால் அது பெருமளவுக்குக் கதை கேட்டு வளர்ந்த பயம். அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதலான செய்திகளைப் பல ஆண்டுகளாகத் துருவிப் பார்த்தும், முன்பின் அறியாத ஒருவர் வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு நஞ்சிட்ட இனிப்பைக் கொடுத்து ஒரு பிள்ளை இறந்துபோனதாக உறுதியான ஒரு சம்பவத்தையும் காணவில்லை. 1974 இல் டெக்சாஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைட் கலந்த இனிப்பைத் தின்று இறந்தது உண்மைதான். அதைக் கொடுத்தவர் காப்புறுதிப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய தகப்பன்.

பயப்பட வேண்டியது காருக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் ஸ்டேப்பிள்ஸ், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரெடல்மையர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், 1975 முதல் 2016 வரையான 42 ஆண்டுகளின் அமெரிக்க விபத்துப் பதிவுகளை எடுத்து, ஹலோவீன் மாலையை அதற்கு ஒரு வாரம் முந்திய மாலையோடும் ஒரு வாரம் பிந்திய மாலையோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடந்து செல்பவர்கள் வாகனம் மோதி இறக்கும் வாய்ப்பு ஹலோவீன் மாலையில் 43 சதவீதம் கூடியிருந்தது; நான்கு முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு அது பத்து மடங்காக இருந்தது; ஆபத்து உச்சத்தில் இருந்தது மாலை ஆறு மணியை ஒட்டிய நேரத்தில். இலட்சக்கணக்கான பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள் என்பதால் இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றோரின் கவனம் எங்கே போக வேண்டும் என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் இனிப்புக்கு ஓரிரு பந்திகளே உண்டு. மற்றவை வெளிச்சத்தையும் வீதியையும் பற்றியவை.

வேடம் வாங்கும்போது

ஒக்டோபர் கடைசியில் ரொறன்ரோவில் மாலை வெப்பநிலை பெரும்பாலும் பத்துப் பாகைக்குக் கீழே போய்விடும். மழைத்தூறல் இருக்கும், சில ஆண்டுகளில் பனியும் தூவும். கடையில் தொங்கும் வேட உடைகளோ மெல்லிய பொலியெஸ்டரில் தைக்கப்பட்டவை. பிள்ளை நடுங்கத் தொடங்கியதும் தாய் தன் கையிலுள்ள கறுப்பு ஜாக்கெட்டை அதன் மேல் போட்டு விடுவார். அந்த நொடியில் பளபளப்பான உடை, அதில் ஒட்டிய ஒளிப்பட்டி, பிள்ளை ஒரு மாதமாகக் கனவு கண்ட இளவரசி வேடம் எல்லாமே ஜாக்கெட்டுக்குள் மறைந்துவிடும். ஆகவே வேடத்தை ஓர் அளவு பெரிதாக வாங்கி, குளிர்ச்சட்டையை உள்ளே போட்டு, வேடத்தை அதன் மேல் அணிவிப்பதே இங்கே நெடுநாள் இருப்பவர்களின் வழக்கம். சிலந்தி மனிதன் கொஞ்சம் குண்டாகத் தெரிவான். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பெரிதாக வாங்கினாலும் கீழ்விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும்; நீளமாக இருந்தால் மடித்துத் தைத்து விடுங்கள், ஊசி குத்தி விட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். சப்பாத்து, பிள்ளை தினமும் பள்ளிக்குப் போடும் சப்பாத்தாகவே இருக்கட்டும். முகமூடி வேண்டாம். கண் துளைகள் நேரே முன்னால் இருப்பதை மட்டுமே காட்டும். பக்கத்திலிருந்து திரும்பும் காரைக் காட்டாது, நடக்க நடக்க அது கீழே வழுகியும் வரும். அதற்குப் பதிலாக முகத்தில் வர்ணம் தீட்டலாம், ஆனால் ஓரிரு நாட்களுக்கு முன்பே அந்த வர்ணத்தைப் பிள்ளையின் முழங்கை உட்பக்கத்தில் சிறிது பூசிப் பார்த்து, சொறி வருகிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள். வாள், மந்திரக்கோல் போன்றவை கையால் வளைத்தால் வளையும் பொருளில் இருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கென்று ஒரு குறிப்பு. வேடத்துக்குக் காசு செலவழிப்பானேன் என்று அலுமாரியிலுள்ள பரதநாட்டிய உடையையோ பாவாடை தாவணியையோ எடுத்துப் பிள்ளைக்குப் போட்டு விடுவதை ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் காணலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் தாவணி முனையும் தளர்வான துப்பட்டாவும், வாசற்படியில் வைத்திருக்கும் பூசணிக்காய் விளக்குக்குள் எரியும் உண்மையான மெழுகுவர்த்திக்கு மேலாக அசைந்து போகும் உயரத்தில்தான் இருக்கின்றன. நுனியை இடுப்பில் இறுக்கிச் செருகிக் குத்தி விடுங்கள். வேடத்தின் லேபிளில் எளிதில் தீப்பற்றாதது என்று எழுதியிருந்தாலும் அதுவும் தீயில் உருகும், சுடும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வைக்கலாம்.

முதல் நாள் இரவு ஒரு சோதனை

எங்கள் முதல் ஹலோவீனில் மகளுக்குச் சூனியக்காரி வேடம். கறுப்புப் பாவாடை, கறுப்புத் தொப்பி, கறுப்பு மேலங்கி. எல்லாம் பன்னிரண்டு டொலருக்குள் முடிந்தது என்று எனக்குப் பெரிய திருப்தி. ஏழு மணி போல, எங்கள் தெருவிலேயே ஒருவர் தம் காரை ட்ரைவ்வேக்குள் திருப்பினார். திருப்பிய வேகத்திலேயே சடுதியாக நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, எனக்கு முன்னால் அவரே மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொன்னார்: உங்கள் மகளை நான் காணவில்லை, அவளுடைய சப்பாத்துக் குதியில் மின்னிய இரண்டு கோடுகளைத்தான் கண்டேன். ஓட்டப் பயிற்சிச் சப்பாத்துகளின் பின்பக்கத்தில் தைத்திருப்பார்களே, விரல் நகமளவு சாம்பல் நிறத் துண்டு, அதைத்தான் அவர் கண்டிருக்கிறார். அடுத்த ஆண்டு முதல் நாள் இரவே, ஆளில்லாத ஒரு வாகனத் தரிப்பிடத்தில் நான் சாரதி இருக்கையில் அமர்ந்து தாழ்விளக்கைப் போட்டுக்கொண்டேன். மனைவி மகளைக் கையில் பிடித்தபடி தூரத்திலிருந்து நடந்து வந்தார். இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்பது எனக்கு முப்பது அடி தூரத்தில்தான் சரியாகத் தெரிந்தது. மகளுடைய உடையை மட்டும் மாற்றினால் போதாது, அவளைக் கூட்டிப்போகும் எங்கள் கறுப்புக் குளிர்ச்சட்டைகளையும் கவனிக்க வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். கார் இல்லாவிட்டால் கைத்தொலைபேசியின் விளக்கைப் போட்டு, அதை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இருபது எட்டுத் தூரத்தில் நிற்கும் பிள்ளையைப் பாருங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் பட்டி, தன்மேல் விழும் ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் காருக்குள் இருப்பவருக்கு அது விளக்குப் போல எரிகிறது, பிள்ளைக்குப் பக்கத்தில் நடக்கும் உங்களுக்கோ வெறும் சாம்பல் நிறத் துணியாகத் தெரிகிறது. வீட்டு விறாந்தையில் நின்று பார்த்துவிட்டு "இது மினுங்கவில்லையே" என்று கழற்றி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பட்டி சைக்கிள் சாமான்கள் விற்கும் கடைகளிலும் வன்பொருள் கடைகளிலும் சுருளாகக் கிடைக்கும். அதை நெஞ்சில் பெரிதாக ஒட்டுவதை விட, இரு மணிக்கட்டுகளிலும் இரு கணுக்கால்களிலும் சுற்றி ஒட்டுவது பயன் தரும். நெஞ்சில் ஒரு துண்டு மின்னினால், அது தபால்பெட்டியா குப்பைத்தொட்டியா என்று சாரதி தீர்மானிக்கச் சற்று நேரம் எடுக்கும். கையும் காலும் ஆடும் ஒழுங்கில் நான்கு ஒளிக்கோடுகள் அசைந்தால், அது நடந்து வரும் மனிதர் என்று கண் உடனே பிடித்துக்கொள்ளும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு விநாடியில் 11 மீற்றர் போகிறது. சாரதி கண்டு, விளங்கி, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை விநாடி எடுத்தால், வேகம் குறையத் தொடங்குவதற்கு முன்பே 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். ஈர இலைகள் படிந்த வீதியில் அதற்குப் பிறகும் அது எளிதில் நிற்காது.

பகலில் கண்ணைப் பறிக்கும் பச்சை மஞ்சள் சட்டை இரவிலும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அந்த மினுக்கம் சூரிய ஒளியால் வருவது. இருட்டியபின் அது வெறும் வெளிர்நிறத் துணிதான், பட்டி ஒட்டியே ஆக வேண்டும். இனிப்புப் பையின் இரு பக்கங்களிலும், தள்ளுவண்டியின் பின்புறத்திலும், உங்கள் சொந்தக் கைகளிலும் ஆளுக்கொரு துண்டு ஒட்டுங்கள்.

பட்டி, காரின் விளக்கு பட்டால் மட்டுமே வேலை செய்யும். பக்கத்து ட்ரைவ்வேயில் விளக்குப் போடாமல் பின்னோக்கி வரும் காருக்கு அது தெரியாது. ஆகவே பிள்ளை ஒவ்வொன்றின் கையிலும் சொந்தமாக எரியும் ஒரு ரோச் இருக்க வேண்டும். புது பற்றரி போட்டு, ஒளியை நிலத்தை நோக்கிப் பிடிக்கப் பழக்குங்கள், எதிரே வருபவரின் கண்ணில் அடிக்க அல்ல. முறித்தால் ஒளிரும் பிளாஸ்டிக் குச்சிகள் மலிவானவை, பிள்ளைகளுக்குப் பிடித்தவையும்கூட. அவற்றைக் கடித்து உடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளிருக்கும் திரவம் வாயையும் கண்ணையும் எரிக்கும். மினுங்கும் மோதிரம், மினுங்கும் பல் போன்ற சின்னச் சாமான்களில் பொத்தான் அளவுப் பற்றரி இருக்கும். அதை ஒரு சிறு பிள்ளை விழுங்கினால் இரண்டே மணித்தியாலத்தில் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடக்கூடும் என்பதால், மூடி திருகாணியால் பூட்டப்படாத சாமானை வீட்டுக்குள்ளேயே எடுக்க வேண்டாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

நேரமும் பாதையும்

ரொறன்ரோவில் ஒக்டோபர் 31 அன்று சூரியன் மாலை 6.10 மணியளவில் மறைகிறது, 6.40 ஆகும்போது நன்றாக இருட்டிவிடும். 2007 க்கு முன்னர் கடிகாரத்தை ஒக்டோபர் கடைசி ஞாயிறிலேயே ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார்கள். அப்போது பிள்ளைகள் முழு இருட்டில்தான் கிளம்பினார்கள். இப்போது அந்த மாற்றம் நவம்பர் முதல் ஞாயிறுக்குப் போய்விட்டதால் ஒரு மணித்தியால வெளிச்சம் நமக்கு மிச்சம். அதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்துங்கள்: ஐந்தரைக்கு வெளிக்கிட்டு ஏழு மணிக்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முக்கால் மணித்தியால நடையே போதும், அதற்குமேல் நடப்பது பெரும்பாலும் தூக்கிக்கொண்டு வரும் தகப்பன்தான். வெளிக்கிடுமுன் சோறு கொடுத்துவிடுங்கள். வயிறு நிறைந்த பிள்ளை வழியிலேயே பையைத் திறந்து தின்னத் தொடங்காது.

ஸ்காபரோவில் இருப்பவர்கள் மார்க்கம் வீதி, எக்ளின்ரன், லோரன்ஸ் போன்ற பெருவீதிகளின் ஓரமாகப் போவதையே தவிர்க்கலாம். அவற்றுக்குள்ளே பிரியும் குடியிருப்புத் தெருக்களில்தான் வீடுகளும் விளக்குகளும் மற்றப் பிள்ளைகளும் இருப்பார்கள். இரு பக்கமும் நடைபாதையுள்ள தெருவாகத் தெரிந்தெடுங்கள். முந்திய நாள் பகலில் அதே பாதையில் பிள்ளையோடு ஒருமுறை நடந்து, எங்கே நடைபாதை முடிகிறது, எந்த வேலி காரை மறைக்கிறது, எந்த மூலையில் மின்விளக்கு எரியவில்லை என்று பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். நடைபாதை இல்லாத இடத்தில் வீதியின் இடது ஓரமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு இது எளிது. பல கட்டிடங்களில் இனிப்புக் கொடுக்க விரும்புகிறவர்களின் கதவிலக்கங்களை முன்மண்டபத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுவார்கள். அந்தக் கதவுகளை மட்டும் தட்டினால் போதும். குளிருமில்லை, காருமில்லை.

மழையோ காற்றோ கடுமையாக இருந்தால் போகாமல் விடுவதும் ஒரு முடிவுதான். 2019 இல் புயல்மழைக்குப் பயந்து மொன்றியல் நகரம் ஹலோவீனையே நவம்பர் 1 க்குத் தள்ளிப் போடும்படி மக்களைக் கேட்டது.

வீதியைக் கடத்தல்

நம் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மிக முக்கியமான பகுதி இது. இலங்கையிலும் இந்தியாவிலும் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுகின்றன. வீதிக்குள் கால் வைத்ததும் நம்மை நோக்கி வரும் முதல் வாகனம் வலப்பக்கத்திலிருந்து வரும். அதனால் முப்பது நாற்பது வருடமாக நம் கழுத்து முதலில் வலப்பக்கம் திரும்பிப் பழகியிருக்கிறது. இங்கே முதல் வாகனம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் "இடது, வலது, மறுபடி இடது" என்று படித்துவிடும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் அம்மம்மாவும் தாத்தாவும்தான் அவசரத்தில் பழைய பக்கம் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைப்பார்கள். வயதானவர்களை நம்பிப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் இதை வாய்விட்டுச் சொல்லி, பகலில் இரண்டு மூன்று முறை நடந்து காட்ட வேண்டும்.

சந்திகளில் இன்னொரு சிக்கல். ஒன்ராறியோவில் சிவப்பு விளக்கு எரியும்போதும், நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்புவதற்குச் சாரதிகளுக்கு அனுமதி உண்டு. அப்படித் திரும்பக் காத்திருப்பவர் தம் இடப்பக்கத்திலிருந்து வரும் கார்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய வலப்பக்கத்து நடைபாதையிலிருந்து இறங்கும் பிள்ளை அவர் பார்வையிலேயே இராது. நடந்து போகலாம் என்ற வெள்ளை உருவம் எரிந்தாலும், அந்தச் சாரதியின் முகம் உங்கள் பக்கம் திரும்பி, அவர் உங்களைக் கண்டுவிட்டார் என்று தெரியும்வரை இறங்காதீர்கள். இருட்டில் அவருடைய கண் தெரியாது. கார் முழுதாக நின்றுவிட்டதா என்று சில்லைப் பாருங்கள்.

தெருவுக்குள் ஒரு எளிய ஒழுங்கு இருக்கிறது. ஒரு பக்கத்து வீடுகள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, தெருமுனைக்குப் போய் ஒரே ஒருமுறை கடந்து, மறுபக்கத்தால் திரும்பி வாருங்கள். எதிர்வீட்டில் பெரிய சொக்லேட் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நடுவீதியால் குறுக்கே ஓடுவதுதான் பிள்ளைகளின் இயல்பு. அன்று மாலை இரு ஓரங்களிலும் கார்கள் நெருக்கமாக நிற்கும்; இரண்டு கார்களுக்கு இடையிலிருந்து வெளிப்படும் ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் காரின் மூக்குயரம்தான். அத்தனை சின்னப் பிள்ளைக்கு வரும் காரின் வேகத்தைக் கணிக்கவும் தெரியாது. ஒன்பது பத்து வயது ஆகும்வரை ஒவ்வொரு கடவையிலும் கையைப் பிடித்தே கடக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிள்ளை வெட்கப்பட்டால் படட்டும்.

ட்ரைவ்வேக்களையும் வீதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் காரின் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதன் பின்னால் போக வேண்டும். நடைபாதை ஓரத்தில் குவித்திருக்கும் இலைக் குவியலுக்குள் பிள்ளையை விளையாட விடவே கூடாது.

வாசற்படியில்

முன்வாசல் விளக்கு எரிந்தால் வரலாம்; அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். இந்த ஒரு விதி தெரிந்தால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள். மணியை அடித்து, "ட்ரிக் ஓர் ட்ரீட்" என்று சொல்லி, கொடுப்பதில் ஒன்றை எடுத்து, நன்றி சொல்லி விலக வேண்டும். "வீடு வீடாப் போய்க் கையேந்துறதோ, எங்கட பிள்ளையள்?" என்று எங்கள் அம்மம்மா முதல் ஆண்டு முகத்தைச் சுளித்தார், அடுத்த ஆண்டு தானே வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, வந்த பிள்ளைகளுக்கு இரண்டு இரண்டாக அள்ளிக் கொடுத்தார். "ட்ரிக் ஓர் ட்ரீட்" என்ற சொற்றொடர் மிகப் பழைய காலத்திலேயே அச்சேறியது கனடாவில் என்பது பலருக்குத் தெரியாது: 1927 இல் ஆல்பர்ட்டாவின் பிளாக்கி என்ற சிற்றூரிலிருந்து வந்த செய்தியில் அது இருக்கிறது.

புல்தரைக்குக் குறுக்காக ஓட வேண்டாம். இருட்டில் தண்ணீர்க்குழாயும் அலங்கார மின்கம்பியும் அங்கேதான் கிடக்கும். எவ்வளவு அன்பாக அழைத்தாலும் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, எந்தக் காரின் அருகிலும் போகக் கூடாது. சின்னப் பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய தாளை வையுங்கள், அல்லது முழங்கையில் பேனாவால் எழுதி விடுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் நண்பர்களோடு தனியாகப் போகக் கேட்பார்கள். மூன்று நான்கு பேராகப் போகட்டும், தெருக்களின் பெயரை முன்பே சொல்லட்டும், திரும்பும் நேரத்தைத் தாண்டினால் அழைக்கட்டும். நடக்கும்போது தொலைபேசித் திரையைப் பார்ப்பதை நிறுத்த முடிந்தால் நீங்கள் என்னை விடக் கெட்டிக்காரர்.

பை வீட்டுக்கு வந்த பின்

வழியில் ஒன்றும் தின்னக் கூடாது, வீட்டில் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மேசையில் கொட்டி, உறை கிழிந்தது, மறுபடி ஒட்டியது, அடையாளம் தெரியாதது, தெரியாதவர் வீட்டில் செய்து சுற்றியது ஆகியவற்றை எறிந்துவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உருண்டையான கடினமான ரொபி, சுவிங்கம், கச்சான் போன்றவற்றைக் கொடுக்கவே கூடாது; தொண்டையில் அடைக்கும்.

ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த மேசையடி வேலைதான் மாலையின் பெரிய வேலை. சின்ன அளவில் வரும் சொக்லேட்டின் சேர்மானம், அதே பெயரில் நாம் வழக்கமாக வாங்கும் பெரிய சொக்லேட்டினதைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த தனி உறையில் சேர்மானப் பட்டியலே இல்லாமலும் இருக்கும். பட்டியல் இல்லாததை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். கடும் ஒவ்வாமை வந்தால் போடும் எபிநெப்ரின் ஊசி வெளியே போகும்போதே பெரியவரின் கையில் இருக்க வேண்டும். சில வீடுகளின் வாசலில் நீலப்பச்சை வர்ணம் பூசிய பூசணிக்காய் இருக்கும். இங்கே பென்சில், ஒட்டுப்படம் போன்ற தின்பண்டமல்லாத பரிசும் உண்டு என்பதற்கு அது அடையாளம். அமெரிக்காவின் டென்னசியில் தொடங்கி 2014 முதல் பரவிய வழக்கம் இது. இன்று இங்கும் காணலாம்.

கனடாவில் கஞ்சா 2018 ஒக்டோபரிலும், கஞ்சா கலந்த தின்பண்டங்கள் அதற்கு அடுத்த ஆண்டிலும் சட்டபூர்வமாயின. சட்டப்படி விற்பவை அலங்காரமற்ற, பிள்ளைகளால் எளிதில் திறக்க முடியாத பொதியில், போதை தரும் THC என்ற பொருள் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படாத அளவில் வரும். களவாக விற்பவையோ பெயர்பெற்ற இனிப்பு உறைகளைப் போலவே அச்சிடப்பட்டிருக்கும். உறையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். வீட்டில் வயதுவந்தவர் யாராவது அவற்றை வைத்திருந்தால், அன்றைக்கு இனிப்போடு கலந்துவிடாமல் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் நஞ்சு ஆலோசனை மையத்தை 1-844-764-7669 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், கியூபெக்குக்கு 1-800-463-5060. மூச்சுவிடக் கஷ்டப்பட்டாலோ எழுப்பினாலும் எழும்பாவிட்டாலோ 911 என்ற அவசர இலக்கத்தை அழையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களும் சாரதிகளும்

இனிப்புக் கொடுக்கப் போகிறீர்களென்றால் நடைவழியில் விழுந்த ஈர இலைகளைக் கூட்டி, சைக்கிளையும் குழாயையும் அப்புறப்படுத்தி, எரிகிற மெழுகுவர்த்திக்குப் பதில் பற்றரி விளக்கைப் பூசணிக்காய்க்குள் வையுங்கள். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் மேல்வீட்டாரிடம் பேசி, முன்வாசலில் அவர்களோடு சேர்ந்து நின்று கொடுப்பதே நல்லது. பக்கச்சுவரோரப் படிகளால் பிள்ளைகளை இருட்டில் இறங்க வைக்க வேண்டாம்.

கார் ஓட்டுபவர்கள் அன்று மாலை ஐந்து மணியிலிருந்து எட்டரை மணி வரை, முடிந்தால் ஓட்டாமலே இருக்கலாம். ஓட்டத்தான் வேண்டுமென்றால் பகலிலும் தானாக எரியும் முன்விளக்கை நம்பியிருக்காமல் முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் எரியும்படி கையால் போடுங்கள். பல கார்களில் பகல் விளக்கு மட்டும் எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. தெருவுக்குள் வேகத்தை 30 க்குக் கீழே வையுங்கள். ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் அடுத்த பிள்ளையும் பின்னால் வரும் என்று எண்ணி நில்லுங்கள். பிள்ளைகளைத் தெருத்தெருவாகக் காரில் ஏற்றி இறக்குவதைப் பெற்றோர் செய்யக் கூடாது. வீதிப்பக்கக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆபத்து.

மறுநாள் வேடத்தைத் துவைத்து மடித்து வைக்கும்போது, ஜாக்கெட்டில் ஒட்டிய பட்டியை உரிக்க வேண்டாம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் பின்னுக்குப் போனதும் ரொறன்ரோவில் சூரியன் ஐந்து மணியை ஒட்டியே மறைந்துவிடும். நீச்சல் வகுப்பும் தமிழ் வகுப்பும் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு வருவது பெப்ரவரி வரை இருட்டிலேதான்.